இரண்டாம் மணிக்கு ஒரு பன்

பங்கு முழுக்க அவளுக்குப் பெயர் பன்னு அக்கா.

பங்குக் கோவில் வாசலுக்கு நேர் எதிரே ஒரு பேக்கரி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் மணி அடிக்கும்போது அவள் அதன் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிற்பாள். பன் கையில் இருக்கும். வாய்க்குப் போகாது. இரண்டாம் மணி ஆரம்பித்ததும் முதல் கடி. மென்றுகொண்டே ரோட்டைக் கடப்பாள். கோவில் படியில் கடைசி வாயை விழுங்கி, புறங்கையால் உதட்டைத் துடைத்து, அதே கையால் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாள். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவள் அங்கே நின்று தின்றாள்.

நன்மை, அதாவது பூசையில் சாமியார் தருகிற நற்கருணை அப்பம், வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். மருந்து போடலாம். வேறு ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அந்தப் பூசையில் நற்கருணை கிடையாது. பூசை தொடங்கும் நேரம் இதில் கணக்கே இல்லை. அப்பம் நாக்கில் படும் நேரத்திலிருந்து பின்னால் எண்ண வேண்டும். இரண்டாம் மணிக்குத் தின்ற பன், நன்மை நேரத்தில் இன்னும் அந்த ஒரு மணி நேரத் தடைக்குள்ளேதான் இருக்கும்.

நன்மை நேரத்தில் கோவில் வரிசை வரிசையாக எழுந்திருக்கும். உட்கார்ந்திருக்கிறவளின் முழங்காலை இடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் வெளியே போக வேண்டும். ஒருத்தி எழுந்திருக்கவில்லை என்றால், ஒன்று அவள் வயிற்றில் ஏதோ இருக்கிறது, இல்லையென்றால் ஆத்துமத்தில் ஏதோ இருக்கிறது. வயிற்றில் என்றால் சிரிப்பார்கள். ஆத்துமத்தில் என்றால் விசாரிப்பார்கள். அவள் சிரிப்பை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கோவிலில் கல்யாணம் நடந்தது வேறோர் ஊரில், வேறொருவனோடு. அவன் மரக்கடை வைத்திருந்தான். கல்யாணமான முதல் வருஷத்திலேயே அவன் அறைந்த அறையில் அவளுடைய இடது காது அடைத்துப்போனது. பிறகு திறக்கவே இல்லை. வலது காதும் போவதற்குள் ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இந்த ஊருக்கு வந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே நீராவி கொடுக்கிற பாய்லரைப் பார்த்துக்கொண்டவரோடு, யாருக்கும் சொல்லாமல், வெளியூர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள். கோவில் கல்யாணம் அந்த ஊரிலேயே முடிந்தது என்று இங்கே வந்து சொன்னார்கள். எல்லாரும் நம்பினார்கள்.

மரக்கடைக்காரன் சாகவில்லை. அவன் உயிரோடு இருக்கும்வரை அவள் அவனுடைய மனைவி. பாய்லர்காரரோடு வாழ்வது, திருச்சபையின் கணக்கில், வேறு ஒன்று. அப்படி வாழ்கிறவள் நன்மை எடுக்கக் கூடாது.

ஊருக்குப் பயந்து மட்டும் அவள் உட்கார்ந்திருக்கவில்லை. அதற்கு மட்டும் என்றால் என்றைக்கோ போய் நாக்கை நீட்டியிருக்கலாம்; யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அவள் நம்பினாள். அந்த வெள்ளை அப்பம் ஆண்டவர்தான் என்று, மேஜையைத் தொட்டு இது மேஜை என்று சொல்வதுபோல நம்பினாள். பாவத்தோடு அதை வாயில் வாங்குவது, தன் தண்டனையைத் தானே மென்று தின்பது. அதை அவள் செய்ய மாட்டாள். செய்யவில்லை என்பதும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் கன்னியாஸ்திரிகளிடம் வேலை போகும். குடியிருக்கும் வீடு போகும். அது பாய்லர்காரரின் அக்காவுடையது. அதோடு மகளுக்கு ஒரு பட்டப்பெயர் வரும். பன்னு அக்கா என்பதைவிட மோசமான பெயர்.

ஒரு முறை பஸ் ஏறி வேறொரு பங்குக்குப் போய், பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். வயதான சாமியார். பொறுமையாகக் கேட்டார். இரண்டு வழி சொன்னார். முதல் வழி, மறைமாவட்ட நீதிமன்றத்துக்கு எழுதிப்போட்டு அந்தக் கல்யாணம் செல்லுமா என்று விசாரிக்கச் சொல்வது. ஆனால் அவனுக்கும் கடிதம் போகும். அவனையும் கேட்பார்கள். அவள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரிந்துவிடும். அவள் கை தன்னால் வலது காதுக்குப் போனது. இரண்டாவது வழியை வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"என்னங்க, ஒரே வீட்ல அண்ணன் தங்கச்சி மாதிரி இருந்தா நன்மை எடுக்கலாமாம். சாமியார் சொன்னாரு."

அவர் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மேல்வீட்ல ஒரு அக்கா இருக்கா. அவளையே என்னால தாங்க முடியல. கீழ்வீட்ல ஒரு தங்கச்சி வேறயா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். சில நாள் அங்கேதான் படுத்தார். பிறகு ஒரு நாள் பாயோடு கதவருகே வந்து நின்றார்.

"கரப்பான்பூச்சி," என்றார். "சாமிக்கும் கரப்பானுக்கும் நடுவுல என்னால படுக்க முடியாதும்மா. கொஞ்சம் தள்ளிப் படு."

அவள் தள்ளிப் படுத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவருக்கும் அதே தடைதான். ஆனால் அவருக்குச் சாக்கு சுலபம். பாய்லருக்கு ஞாயிறு கிடையாது. ஞாயிறு காலை ஷிஃப்டை எல்லாரும் தள்ளிவிடுவார்கள். அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். 'என் தம்பி உழைப்பாளி' என்று அக்கா பெருமைப்படுவாள். சலவைக்கூடத்துக்கு ஞாயிறு விடுமுறை. அதனால் பன் அவளுக்கு.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் மேற்பார்வை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோவிலில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. யார் நன்மைக்குப் போனார்கள், யார் போகவில்லை என்பது அவளுக்கு மனப்பாடம். தம்பி மனைவிமேல் அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது கிடைத்திருக்கும். அவள் கண்டது வெறும் தீனி.

"ஆண்டவர் ஒரு தட்டுல, பன்னு ஒரு தட்டுல. எங்க வீட்டு மகராசி எந்தத் தட்டுக்குப் போவான்னு உங்களுக்கே தெரியும்," என்று கோவில் வாசலில் சொல்லுவாள். இதை வலது காதுப் பக்கம் நின்று சொல்வாள். இன்னும் மோசமானதை இடது பக்கம் நின்று சொல்வாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்துவைப்பாள்.

புதிதாக ஒரு பங்குச் சாமியார் வந்தபோது சிக்கல் வந்தது. நல்ல மனிதர். பிரசங்கம் நீளம். அவர் பேசி முடிப்பதற்குள் இரண்டாம் மணிப் பன் காலாவதியாகிவிடும். அவளும் நேரத்தை மாற்றினாள். முதல் வாசகம் முடியும்வரை வெளியே நின்று, வாசல் தூணடியில் தின்றுவிட்டு உள்ளே வந்தாள். "பன்னு அக்கா இப்ப லேட்டு அக்கா ஆயிட்டா," என்றார்கள்.

பெரிய வெள்ளியன்று இன்னும் கஷ்டம். அன்றைக்கு எல்லாரும் உபவாசம். கண்டபடி தின்றால் அதுவே பாவம். ஆனால் ஒரு வேளை முழுச் சாப்பாடு உண்டு. அது எந்த வேளை என்று சட்டம் சொல்லவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு சலவைக்கூடத்தில் நிற்பாள். பிற்பகல் வழிபாட்டுக்கு முன்னால் அந்த ஒரு வேளையைத் தின்பாள். பங்கில் அவள் அளவுக்குச் சட்டம் தெரிந்தவர் இல்லை. அவள் அளவுக்குப் பசி கிடந்தவரும் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது பன்னை.

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை சூடான உருளைக்கு முன்னால். ஈரப் படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து மடிப்புக்கு வரும். விரல் தவறினால் விரலும் காய்ந்து வரும். அதோடு, கோவிலிலிருந்து வரும் சின்னத் துணிகளுக்கும் அவள்தான். பூசைக் கிண்ணம் துடைத்த துணிகள், ஆண்டவரின் துளி ஒட்டியிருக்கக்கூடியவை. கன்னியாஸ்திரிகள் முதல் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் செடியடியில் ஊற்றிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அவள் கையாலேயே இஸ்திரி போட்டு மூன்றாக மடிப்பாள். வேறு யாரையும் தொடவிட மாட்டாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் போனது அந்தத் துணிவரைதான்.

மகளுக்குப் புது நன்மை வந்தது, முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள்.

அன்றைக்குப் பிள்ளை நடுவில் நிற்கும். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். மூன்று பேரும் சேர்ந்து நன்மை வாங்குவார்கள். அதுதான் அந்தப் பங்கில் வழக்கம்.

"ஞாயித்துக்கிழமை பாய்லர் கெட்டுப்போகும்," என்றார் அவர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான கெடுக்கப் போறேன்." கொஞ்சம் பொறுத்து, "நீயும் வந்துடும்மா. ஆபரேஷன் தியேட்டர் துணி குமிஞ்சு கிடக்குன்னு சொல்லிடு," என்றார்.

"அப்பனும் இல்ல, அம்மாவும் இல்லன்னா அது என்ன அனாதைப் பிள்ளையா?"

"அப்ப அக்காகிட்ட உண்மையச் சொல்லிடலாம்."

"சொல்லிட்டு எங்க போறது?"

ஞாயிறு காலை, ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து அவரைக் கூப்பிட்டார். நீராவி ஏறவில்லையாம். மகள் வெள்ளை ஃபிராக்கில் நின்று அழுதாள். அவர் அவள் தலையைத் தொட்டுவிட்டு, மனைவியைப் பார்க்காமல் கிளம்பினார்.

அதற்குள் நாத்தனார் கீழே இறங்கி வந்திருந்தாள். சமையலறைக் கதவைச் சாத்திச் சாவியைத் தன் பையில் போட்டாள்.

"இன்னைக்கு உன் வாய்க்கு நான்தான் காவல். பிள்ளைக்கு அப்பன் இல்லாம போச்சு. அம்மாவும் பன்னு தின்னுட்டு உட்காந்திருந்தா நான் தூக்குல தொங்கணும்."

"தலை சுத்துது அண்ணி."

"தண்ணி குடி. தண்ணி தப்பில்ல."

கையைப் பிடித்துக்கொண்டே நடத்திக் கூட்டிப்போனாள். பேக்கரிக்காரர் பழக்கதோஷத்தில் பன்னை நீட்டினார்.

"தம்பி, அலமாரிய மூடு. வழக்கமா பன்னு சாப்பிடுறவ இன்னைக்கு ஆண்டவரைச் சாப்பிடப் போறா," என்றாள் நாத்தனார்.

அவர் கையிலிருந்த பன்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார்.

முன்வரிசை. மகள், அவள், நாத்தனார். சாமியார் பேசினார், பேசினார். அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை என்று சொல்லலாமா? ஏன் செய்யவில்லை என்று கேட்பாள். அப்புறம் கேள்விக்கு முடிவே இல்லை. மயங்கி விழலாமா? விழுந்தால் சாமியார் நற்கருணையை அவள் இருக்கும் இடத்துக்கே கொண்டுவருவார். நோயாளிக்கு உபவாசம் கிடையாது. பின்வரிசைப் பெண்ணிடம் திரும்பி, தொண்டை கரகரக்கிறது, மிட்டாய் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருமல் மிட்டாய்தான? குடுங்க, நல்லா குடுங்க," என்றாள் நாத்தனார். "மருந்து கணக்குல வராது."

அவள் வாங்கவில்லை.

பீடத்தில் மணி அடித்தது. அப்பம் உயர்ந்தது. அவள் தலை குனிந்தாள். மற்ற நாளில் அந்த நேரத்தில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். மரக்கடைக்காரன் சாகட்டும் என்று கேட்பாள். கேட்டதற்காக அடுத்த மூச்சில் மன்னிப்புக் கேட்பாள். அன்றைக்கு அதுகூட வரவில்லை.

வரிசை எழுந்தது. மகள் மெழுகுவர்த்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். "அம்மா, வா."

பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண். அவள் தோளில் ஒரு கைக்குழந்தை பின்பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தது. அதன் கையில் பிஸ்கட். பாதி எச்சிலில் ஊறியிருந்தது.

அவள் எட்டிப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

குழந்தை ஒரு கணம் தன் வெறுங்கையைப் பார்த்தது. பிறகு அலறியது. பாட்டு நின்றது. கோவிலே திரும்பிப் பார்த்தது. அவள் மென்றுகொண்டிருந்தாள். எல்லாரும் பார்க்கிற மாதிரி, வாயை மூடாமல் மென்றாள்.

நாத்தனார் குனிந்து அவளுடைய இடது காதில் ஏதோ சொன்னாள். சுற்றி இருந்த பெஞ்சுகளுக்கெல்லாம் கேட்டது. ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். அவளுக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்று கடைசிவரை அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை.

பிறகு நாத்தனார் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்குப் போனாள். மகள் ஒரு பக்கம் அத்தையோடும், மறுபக்கம் காலி இடத்தோடும் நின்று முதல் நன்மை வாங்கினாள். புகைப்படத்திலும் அப்படியே.

மத்தியானம் அவர் கை முழுக்க எண்ணெய்க் கறையோடு வந்தார். "எப்படி இருந்துச்சும்மா?"

"உப்பு பிஸ்கட்டுங்க," என்றாள்.

கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் மாறியது. கறையோடு கையை முகத்தில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் கருப்பு.

பங்குச் சாமியார் கூப்பிட்டுவிட்டார். "ஏம்மா, கொஞ்ச நேரம் பொறுக்க முடியாதா? பச்சைக் குழந்தை கையிலேர்ந்தா?"

"பசி சாமி," என்றாள்.

அவருக்கு அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

நாத்தனாருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும், மேல்வீட்டிலிருந்து ஒரு தட்டு பிஸ்கட்டோடு இறங்கி வருவாள். வந்தவர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் நீட்டுவாள். "எடு, எடுத்துக்கோ. ஊர்க் குழந்தைங்க பிழைச்சுப் போகட்டும்." அவள் ஒன்று எடுப்பாள். தின்பாள். தின்னாவிட்டால் பசி பொய்யாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் மகளைப் 'பிஸ்கட்' என்றார்கள். மகள் அதற்குப் பிறகு அம்மாவோடு கோவிலுக்கு நடக்கவில்லை. அத்தையோடு போனாள். பேக்கரியைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்த்தாள். படித்து, ஆஸ்பத்திரிக் கருவிகள் பழுது பார்க்கிற தொழிலுக்குப் பயிற்சி எடுத்து, வேறு ஊர் போனாள். அந்தப் பிஸ்கட்டை ஏன் பிடுங்கினாள் என்று அம்மா சொன்னது வெகு காலம் கழித்து. அதுவரைக்கும் அவளுக்கும் அது பசிதான்.

ஒரு நாள் பாய்லருக்குப் பக்கத்திலேயே அவர் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போனது. பேச்சு போனது. அவள் இஸ்திரி போட்ட விரிப்பின் மேலேயே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். மடிப்பைப் பார்த்ததும் அது தன் கைபட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. மகள் வந்தாள். மானிட்டரின் ஒயர் ஒவ்வொன்றையும் தொட்டுச் சரிபார்த்தாள். மருத்துவர் இவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதிக நேரம் இல்லை.

சாமியாரைக் கூப்பிட நாத்தனார் ஓடினாள். பங்குக்கு இப்போது வேறு சாமியார், இளையவர். அவர் வராந்தாவில் வரும்போதே, நாத்தனாருக்கு முந்தி, அவள் போய் வழிமறித்தாள். அழுக்குத்துணி வண்டிகள் நிற்கிற மூலைக்குக் கூட்டிப்போனாள்.

"சாமி, இத பாவசங்கீர்த்தனமா கேளுங்க." எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்கு வேணாம். அவருக்கு நன்மை குடுத்துடுங்க. இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை பாய்லர்கிட்ட நின்னவரு."

சாமியார் வராந்தாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "குடுக்கலாம்மா. ஆனா நான் ஒண்ணு கேக்கணும். இப்படி வாழ்ந்ததுக்கு அவர் மனஸ்தாபப்படணும், தப்புன்னு வருத்தப்படணும். மனசார. தலைய ஆட்டினாக்கூடப் போதும்."

"என்கூட வாழ்ந்ததுக்கா?"

சாமியார் தோள்துணியைச் சரிசெய்துகொண்டார்.

"கேளுங்க," என்றாள். "நான் வெளியில நிக்கிறேன்."

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். மகளும் நாத்தனாரும் வராந்தாவில். அவள் மட்டும் திரையை ஒட்டி நின்றாள். இடது காதைத் திரைப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள். வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டாள். உள்ளே சாமியார் என்ன கேட்டார், அவர் தலையை ஆட்டினாரா, ஒன்றும் கேட்கக் கூடாது.

திரை விலகியது. சாமியார் நற்கருணைச் சிமிழைத் திறந்து வைத்திருந்தார்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தலையை ஆட்டியிருக்கிறார். ஆட்டாமல் அந்தச் சிமிழ் திறந்திருக்காது.

சாமியார் அப்பத்தில் நகக்கண் அளவு ஒரு துணுக்குக் கிள்ளி, கரண்டித் தண்ணீரில் வைத்து, கோணிய வாயின் நல்ல பக்கத்தில் விட்டார். அவர் விழுங்கினார். மீதியைச் சாமியாரே உட்கொண்டார். கட்டிலில் கிடந்தவரின் ஒரே ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இன்னொரு கண் செத்துப்போயிருந்தது. அந்த ஒரு கண்ணால் அவர் அவளைத் தேடினார். கெஞ்சுகிற பார்வை. அவள் விரிப்பின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"நீயும் வாங்கிக்கோ," என்றாள் நாத்தனார். "நோயாளியப் பாத்துக்கிறவங்களுக்கு உபவாசம் கிடையாது. என்ன தின்னிருந்தாலும் பரவாயில்ல. அது சட்டம். இல்லீங்களா சாமி?"

அது சட்டம்தான். அவள் சாமியாரைப் பார்த்தாள்.

"ஒண்ணுதாம்மா எடுத்துட்டு வந்தேன்," என்றார் சாமியார்.

சிமிழை மூடினார். உள்ளே இன்னும் இரண்டு இருந்ததை அவள் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவர் உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்கு முன்னால் சாமியார் வீட்டுக்கு வந்தார். பெட்டிக்கு ஜெபித்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, இனிமே உங்களுக்குத் தடை இல்ல. பூசைக்கு முன்னாடி வாங்க. பாவசங்கீர்த்தனம் செஞ்சுட்டு, அவருக்காக நன்மை எடுங்க. இத்தனை வருஷம் பட்டினி கிடந்தீங்க."

பட்டினி என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"என்ன சொல்லணும் சாமி?"

"வருத்தப்படுறேன்னு."

"எதுக்கு?"

அவர் மெதுவாக, "உங்களுக்கே தெரியும்மா," என்றார்.

தெரியும். அவள் பெட்டியைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சு. கன்னத்தில் சவரம் செய்தவன் விட்டுவைத்த நாலு முடி. கரப்பானுக்குப் பயந்து பாயோடு நின்ற ஆள். அந்த ஆள் வருத்தப்பட்டுவிட்டார். ஆண்டவரிடம் கணக்கு நேர் செய்துகொண்டு அக்கரைக்குப் போய்விட்டார். அவளும் அதே வார்த்தையைச் சொன்னால் அந்தப் பக்கம் போகலாம். வாழ்நாள் முழுக்க அவள் கேட்டது அந்த அப்பம். இப்போது நாக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. சேர்ந்து வாழ்ந்த அந்தக் காலத்துக்கு யாராவது ஒருவர் வருத்தப்படாமல் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இருவரில் மிச்சம் இருப்பது அவள்தான்.

"பாக்குறேன் சாமி," என்றாள்.

பெட்டியைக் கோவில் வாசலில் இறக்கினார்கள். முதல் மணி அடித்தது. நாத்தனார் அழுதுகொண்டே ஆட்களை வரிசைப்படுத்தினாள். மகள் பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டின் பக்கத்தில் காத்திருந்தார். வாசலிலிருந்து பார்த்தால் அவருடைய ஊதா நிறத் தோள்துணி தெரிந்தது.

அவள் ரோட்டைக் கடந்தாள்.

பேக்கரிக்காரர் எழுந்து நின்றார். "அக்கா, இன்னைக்குமா?"

"குடு தம்பி."

இரண்டாம் மணி அடிக்க ஆரம்பித்தது. அவள் கடித்தாள்.

ஊரே பார்த்தது. சவத்தோடு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரிகள், சலவைக்கூடத்துப் பெண்கள். யாரும் சிரிக்கவில்லை. பன்னு அக்கா என்று ஒரு குரலும் வரவில்லை. நாத்தனார் பெட்டியை விட்டுவிட்டு ரோட்டுக்குக் குறுக்கே ஓடி வந்தாள்.

"என் தம்பி பெட்டியில கிடக்கான்டி!"

நாத்தனார் அவள் கையைத் தட்டிவிட்டாள். பன் உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. மகள் அங்கிருந்தே கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு தரட்டுமாக்கா?" என்றார் பேக்கரிக்காரர்.

"வேணாம் தம்பி. ஒரு வாய் இறங்கிடுச்சு. போதும்."

ஊதாத் தோள்துணியைத் தாண்டிப் போனாள். சாமியாரின் கண் அவளுடைய உதட்டில் ஒட்டியிருந்த பன் துகளில் நின்றது. முன்வரிசையில், பெட்டிக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் வலது காதைப் பீடத்துப் பக்கம் வைத்துத்தான் உட்காருவாள். அன்றைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். வலது காது பெட்டிப் பக்கம்.

நன்மை நேரம். வரிசை எழுந்தது. ஒவ்வொருவராக அவள் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். சிலர் வேண்டுமென்றே இடித்தார்கள். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். மகளும் தாண்டிப் போனாள், இடிக்காமல், தொடாமல்.

நாத்தனார் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கை கூப்பி, கண் தாழ்த்தி வந்தவள் அவளுக்கு முன்னால் நின்றாள். இடது காதா, வலது காதா என்று ஒரு கணம் பார்த்தாள். வலது பக்கம் குனிந்தாள்.

"அவன் செத்த அன்னைக்குக்கூட உனக்குப் பசி."

"ஆமா அண்ணி," என்றாள். "பசி."